எட்டுப் போட்டால் போதுமா?

இரு சக்கர வண்டிக்கு உரிமம் பெறப் போனவர்களுக்கு ‘எட்டுப் போடுதல்’ பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் வண்டி ஓட்ட உரிமம் வேண்டும் என்று நம் நாட்டில் 1914ஆம் ஆண்டுச் சட்டமே கூறியது. பின்னர் 1939இலும் 1988இலும் புதிய சட்டங்கள் வந்தன.

இதற்கிடையே வண்டிகள் பெருகின. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு புல்லட் உருவாகத் தொடங்கியது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. கியர் மாற்ற வேண்டாத அந்தச் சிறு வண்டி, தஞ்சை வட்டாரத்தில் உர மூட்டையும் புல்லுக்கட்டும் சுமந்து வயல்வரை சென்றது. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் ஒரே நாளில் அதற்கு மாறிவிடலாம். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

எட்டு எதைச் சோதிக்கிறது? குறைந்த வேகத்தில், கால் ஊன்றாமல், இரு பக்கமும் திரும்பும் சமநிலையை. தேவையான பயிற்சிதான், ஆனால் விரையும் வண்டியை நிறுத்தும் திறனை அது சோதிப்பதில்லை. வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். உலர்ந்த தார்ச் சாலையில், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி பிரேக் பிடித்தபின் சுமார் 2.25 மீட்டரில் நிற்குமானால், 40 கி.மீ. வேகத்தில் 9 மீட்டர் வேண்டும். அறுவடைக் காலத்தில் நம் சாலைகளில் நெல் காய்கிறது. மணிகள் டயருக்கு அடியில் உருண்டு உராய்வு பாதியானால், அதுவே 18 மீட்டராகும். அங்கே பிரேக்கை இறுகப் பிடித்தால் சக்கரம் வழுக்கி வண்டி சாயும்.

ஆகவே, புதிதாக ஓட்டக் கற்பவரே, எட்டோடு நின்றுவிடாதீர்கள். தலைக்கவசம் அணிந்து, ஆளில்லாத திடலில் இரு பிரேக்குகளையும் படிப்படியாக அழுத்தி நிறுத்திப் பழகுங்கள். சாலையில் நெல்லைக் கண்டால், அதன்மேல் ஏறுமுன்பே வேகத்தைக் குறையுங்கள்.