செம்மரம் (இசைக்கருவி மரம்)

திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் மலைகளிலும், பழைய சித்தூர், கடப்பை மாவட்டங்களைச் சேர்ந்த பிற காடுகளிலும் இயற்கையாக வளரும் மரம். செஞ்சந்தனம் என்றும் அழைப்பர். ஆனால் சந்தன மணம் கிடையாது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரியது. வைரம் பாய்ந்த கட்டை நீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது.

ஜப்பானின் மூன்று தந்தி இசைக்கருவியான ஷமிசெனின் கழுத்துக்கு இம்மரமே உயர்வாகக் கருதப்படுகிறது. அலையலையான வரியோடிய கட்டைக்கு விலை மிக அதிகம். கிட்டாரில் முகப்பலகைக்கு ஸ்ப்ரூஸ் போன்ற இலேசான மரம் வேண்டும். அடர்ந்த செம்மரம் அதற்கு ஆகாது. விரற்பலகை, தந்தி தாங்கும் பாலம் போன்ற தேய்மானம் மிகுந்த உறுப்புகளுக்குப் பொருந்தும். கடினமான மரமாதலால் உளியும் வாளும் விரைவில் மழுங்கும்.

1995 முதல் இதன் பன்னாட்டு வணிகம் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. ஆனாலும் கடத்தல் ஓயவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். கூலிக்கு மரம் வெட்டப் போகும் ஏழைகளே பெரும்பாலும் இக்கடத்தலில் உயிரை இழக்கிறார்கள். எனவே வீட்டுப் பட்டறையில் கருவி செய்வோர் அரசு ஏலத்தில் வந்த, உரிய ஆவணமுள்ள கட்டையை மட்டுமே வாங்க வேண்டும்.