சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்

வலது முட்டிக்கு மேல் மார்க்கர் பேனாவால் அம்புக்குறி போட்டுவிட்டு, "எந்தக் கால்னு நீங்களே ஒரு தடவை சொல்லுங்க" என்றார் நர்ஸ். அரை மணி நேரத்தில் நான்காவது முறையாக "வலது" என்றேன். ஃபுட்பால் ஆடும்போது திருகிக்கொண்ட முட்டி அது. நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் பூட்டிக்கொண்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. உள்ளே மெனிஸ்கஸ் கிழிந்து, வாளியின் கைப்பிடி மாதிரி புரண்டு, மூட்டின் நடுவில் சிக்கியிருந்தது. நம்மூரில் 'ஜவ்வு கிழிஞ்சிருச்சு' என்பார்களே, அதுதான்.

முதுகில் ஊசி போட்ட பத்து நிமிடத்தில் இடுப்புக்குக் கீழே இருந்தவை வேறு யாருடைய கால்களாகவோ ஆகிவிட்டன. கேட்டுக்கொண்டதால் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். உள்ளே நுங்குச் சதை போல வெள்ளையாக ஏதோ மிதந்தது. புரண்ட துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்தில் நன்றாக இருந்ததை அப்படியே விட்டார்கள். வலி இல்லை. மூட்டுக்குள் பாய்ந்து வெளியேறும் உப்புத் தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. காலை ஏழரைக்கு உள்ளே போனவன் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆட்டோவில் இருந்தேன். நடுவில் இருந்த ஒரே தேர்வு, சிறுநீர் கழித்துக் காட்டுவது. அதில் தேறினால்தான் டிஸ்சார்ஜ்.

வெளியே காத்திருந்த அம்மாவுக்கு வயது 61. இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவள். மாடிப்படியைப் பக்கவாட்டில்தான் இறங்குவாள். ஆட்டோவில் ஏறியதும் அவள் கேட்டது: "ரெண்டே ஓட்டைதானா? எனக்கும் இதையே பண்ணச் சொல்லேன்டா."

கேட்டதில் தப்பே இல்லை. படுத்திருந்த நாட்களில் இதன் வரலாற்றைத் தேடிப் படித்ததற்கும் அந்தக் கேள்விதான் காரணம்.

1918-ல் தோக்கியோவில் கெஞ்சி தகாகி என்ற மருத்துவர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை ஓர் இறந்த உடலின் முட்டிக்குள் விட்டுப் பார்த்தார். அவருடைய கவலை விளையாட்டு வீரர்கள் அல்ல, காசநோய். முட்டியில் காசநோய் வந்தால் மூட்டு விறைத்து இறுகிவிடும். தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தே சாப்பிடவும் பேசவும் விருந்தினரை வரவேற்கவும் பழகிய சமூகத்தில் மடங்காத முட்டி என்றால் என்ன அர்த்தம் என்பதை, சம்மணம் போட்டு வளர்ந்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. (டென்மார்க்கைச் சேர்ந்த நோர்டென்டொஃப்ட் 1912-லேயே இதைப் பற்றிப் பேசியிருக்கிறார், சுவிட்சர்லாந்தில் பிர்ஷர் 1921-ல் உயிருள்ளவர்களிடம் செய்திருக்கிறார். ஆனால் விடாமல் பிடித்துக்கொண்டது தோக்கியோதான்.)

தகாகியின் மாணவர் மசாகி வதனாபே. கருவியைத் திரும்பத் திரும்ப மாற்றிச் செய்து 1950களின் இறுதியில் '21-ஆம் எண்' வரை வந்தார். அதன் நுனியில் குட்டி பல்பு ஒன்று எரியும், சில சமயம் மூட்டுக்குள்ளேயே உடைந்தும் போகும். 1962 மே 4 அன்று, முட்டியைத் திறக்காமலே கிழிந்த மெனிஸ்கஸின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார்.

'ஒரு பகுதியை மட்டும்' என்பதை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். 1897-ல் பிளாண்ட்-சட்டன் என்ற லண்டன் அறுவை மருத்துவர், மெனிஸ்கஸை ஏதோ ஒரு பழைய கால் தசையின் பயனற்ற மிச்சம் என்று எழுதினார். பயனற்றது என்றால் முழுசாக எடுத்துப் போடலாம்தானே? பல பத்தாண்டுகள் அப்படித்தான் எடுத்தார்கள், முட்டியை நீளமாகக் கீறி, நாள்கணக்கில் படுக்க வைத்து. 1948-ல் ஃபேர்பாங்க் என்பவர் அப்படி எடுத்தவர்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து, மூட்டின் வடிவமே மாறத் தொடங்கியிருப்பதைக் காட்டினார். சுமையை வாங்கும் மெத்தையைத்தான் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வதனாபே இல்லையென்றால் என் முட்டிக்கும் அந்த விதிதான்.

1964-ல் ராபர்ட் ஜாக்சன் என்ற கனடா மருத்துவர் தோக்கியோவுக்கு வந்தார். வதனாபேக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு டொரன்டோவுக்குத் திரும்பினார். இருபது வருஷம் கழித்து, 1984-ல், ஜோன் பெனாய்ட் முட்டியில் இதே சிகிச்சை செய்துகொண்ட 17-ஆம் நாள் அமெரிக்க ஒலிம்பிக் தகுதி மாரத்தானில் ஓடி ஜெயித்தார். ஆகஸ்டில் தங்கமும் வாங்கினார். இப்படி ஒரு கதைக்குப் பிறகு யார்தான் முட்டி ஆபரேஷனைப் பெரிதாக நினைப்பார்கள்?

அன்றே வீட்டுக்கு அனுப்பும் பழக்கத்துக்கு வேறொரு பூர்வீகம் உண்டு. கிளாஸ்கோவில் ஜேம்ஸ் நிகோல், 1909-ல், பத்து வருஷத்தில் 8,988 குழந்தைகளுக்கு வெளிநோயாளிகளாகவே அறுவை சிகிச்சை செய்த கணக்கை வெளியிட்டார். உதட்டுப் பிளவு, குடலிறக்கம், வளைந்த பாதம் என்று எல்லாமே அதில் உண்டு. அம்மாவிடமிருந்து பிரித்து வார்டில் போடுவதைவிட அம்மாவின் மடியே நல்லது என்பது அவர் வாதம். ஆனால் 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ' என்று சொல்லிக் கைகழுவவில்லை. நர்ஸுகளை வீடுகளுக்கு அனுப்பினார். மருத்துவமனைக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு தாய் தங்க வீடும் ஏற்பாடு செய்தார்.

1970-ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் ரீட், ஃபோர்டு என்ற இரண்டு மயக்க மருத்துவர்கள் பகல்நேர அறுவை மையம் திறந்தார்கள். செலவு குறைந்தது, மாதிரி பரவியது. இங்கே நமக்கு அது இன்ஷூரன்ஸ் காகிதத்தில் 'டே கேர்' பட்டியலாக வந்து சேர்ந்தது. 24 மணி நேரம் படுக்காவிட்டாலும் பணம் தருகிற பட்டியல்.

பட்டியலில் ராத்திரி கிடையாது. எனக்கு மரப்பு முழுசாக விட்டது இரவு பதினொன்றுக்கு. மருத்துவமனையில் கொடுத்த காகிதத்தில் ஒரு ஃபோன் நம்பர் இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அம்மாதான் விடியும்வரை மாடிக்கும் ஃப்ரிட்ஜுக்குமாக ஐஸ் மூட்டையோடு ஏறி இறங்கினாள், பக்கவாட்டில். என்னைச் சீக்கிரம் அனுப்பிவைத்த அந்தக் கணக்கில் அவள் முட்டிகளும் சேர்ந்திருந்தன. நிகோல் நர்ஸை எதற்கு அனுப்பினார் என்பது எனக்கு அன்று இரவு புரிந்தது.

பத்தாம் நாள் தையல் பிரிக்கப் போனபோது அம்மாவும் வந்தாள். அவளுடைய எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர், "இவருக்குப் பூட்டிக்கிச்சு, உங்களுக்குத் தேஞ்சிருக்கு. ரெண்டும் வேறம்மா. உங்களுக்கு இதுல ஒண்ணும் கிடைக்காது" என்றார். அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. நான்தான், படித்த திமிரில், விளக்க ஆரம்பித்தேன்.

ஹூஸ்டனில் மோஸ்லி என்ற மருத்துவரும் சகாக்களும் 180 பேரை, அம்மாவைப் போலவே முட்டி தேய்ந்தவர்களை, மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உள்ளே சுத்தம் செய்தார்கள். இன்னொன்றுக்குக் கழுவினார்கள். மூன்றாவது குழுவுக்குத் தோலில் மட்டும் கீறல். நிஜமாகவே நடப்பது போலக் கருவிகளைக் கேட்டு வாங்கினார்கள், காலை அசைத்தார்கள், கழுவும் சத்தம் கேட்க வேண்டுமென்று உப்புத் தண்ணீரை விட்டுத் தெளித்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. இரண்டு வருஷம் கழித்தும் மூன்று குழுவுக்கும் வலியில் வித்தியாசமில்லை. 2013-ல் ஃபின்லாந்தில் 146 பேரிடம், வயதால் கிழிந்த மெனிஸ்கஸுக்கும் பார்த்தார்கள். ஏறக்குறைய அதே பதில். 2017-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதல், தேய்ந்த முட்டிக்கு இந்த அறுவை வேண்டாம் என்று அழுத்தியே சொன்னது.

அம்மா கேட்டுக்கொண்டே வந்தவள், "சும்மா கீறி விட்டவங்களுக்கும் வலி குறைஞ்சுதாமா?" என்றாள்.

"கொஞ்சம் குறைஞ்சிருக்கு."

"அப்ப அதையாவது பண்ணச் சொல்லேன்."

என்னிடம் பதில் இல்லை. இப்போது தினமும் காலையில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துப் பத்து எண்ணும்வரை அழுத்துகிறோம். இரண்டு பேருக்கும் எழுதித் தந்தது ஒரே பயிற்சிதான். எண்ணுவது அம்மா. ஏழுக்குப் பிறகு அவள் நேராகப் பத்துக்குப் போய்விடுகிறாள்.