கொள்ளின் புரத விழுக்காடு: ஒரு மறுவாசிப்பு

பயறு வகைகளில் விளைச்சலும் புரதமும் ஒன்றாக ஏறா என்பதை மரபணுக் குறிப்பான்களே நிறுவிவிட்டன என்று ஒரு தரப்பு எழுதிவருகிறது. தருமபுரி மாவட்டத்து மானாவாரிக் கொள்ளுக்கும் அதையே பொருத்துகிறது. இந்த முடிவில் பெரும்பங்கு நாம் அளக்கும் முறையால் விளைந்தது என்பதே என் வாதம்.

அத்தரப்பின் முதன்மைச் சான்று சோயா. காட்டு சோயாவுடன் செய்த கலப்பின் வழியே 20ஆம் குரோமோசோமில் ஒரு புரத மரபிடம் இருப்பது 1992இல் தெரியவந்தது. அதற்குரிய மரபணு 2022இல் அடையாளம் காணப்பட்டது. புரதம் குறைந்த அல்லீலில் 321 கார இணைகள் கொண்ட தாவும் டி.என்.ஏ. துண்டு ஒன்று செருகப்பட்டிருக்கிறது. புரதம் மிகுந்த அல்லீல் வந்தால் எண்ணெய் குறைகிறது. பல கலப்புகளில் விளைச்சலும் குறைந்தது. எண்ணெய்க் குறைவை அம்மரபணுவின் விளைவாகக் கொள்ளலாம். விளைச்சல் குறைவை அப்படிக் கொள்வது அவசரம். காட்டினத் துண்டோடு அண்டை மரபணுக்களும் ஒட்டி வந்திருக்கலாம். தவிர, சோயா விதை எண்ணெயைச் சேமிப்பது; கொள்ளு மாவுச்சத்தைச் சேமிப்பது. ஒன்றின் கணக்கு மற்றொன்றுக்குச் செல்லாது.

விழுக்காடு என்பது விகிதம். பருவமழை முன்கூட்டியே ஓய்ந்தால், கொள்ளு மணி முற்றும் வேளையில் செம்மண்ணில் ஈரம் இராது. மாவுச்சத்து நிரம்புவது தடைபடும். இலையிலிருந்து மணிக்கு இறங்கும் நைட்ரஜன் அந்த அளவுக்குக் குறைவதில்லை. சுருங்கிய மணியில் புரதத்தின் அளவு கூடாமலே விழுக்காடு ஏறிவிடும். எனவே ஒரே பருவச் சோதனையில் ‘புரதக் குறிப்பான்’ எனக் கிடைப்பது, பூக்கும் நாளையோ மணியின் பருமனையோ ஆளும் மரபிடமாக இருக்கக்கூடும். ஏக்கருக்கு 300 கிலோ, 22 விழுக்காடு என்று கொண்டால் புரதம் 66 கிலோ. 240 கிலோ, 25 விழுக்காடு என்றால் 60 கிலோ. விழுக்காட்டைப் பார்த்துத் தெரிவு செய்பவர் இரண்டாவதையே எடுப்பார்.

கொள்ளின் மரபணுத் தொகுதி குரோமோசோம் அளவில் 2021இல் வெளியாகிவிட்டதால் கருவி இல்லை என்று இனிச் சொல்வதற்கில்லை. 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பையூர் 2, கோ 1 இரகத்தில் காமாக் கதிர் பாய்ச்சிப் பெற்றது. மரபுப் பின்னணி பெரும்பாலும் ஒன்றேயான இவ்விணையை அடுத்தடுத்த பாத்திகளில், நீர் பாய்ச்சியும் பாய்ச்சாமலும் வளர்த்து ஒப்பிட்டால், வறட்சியால் வரும் வேறுபாட்டையும் மரபணுவால் வரும் வேறுபாட்டையும் பிரித்தறியலாம்.

செலவு கூடும் என்ற மறுப்புக்கு வலுவில்லை. பூக்கும் நாளைக் குறிக்கவும் நூறு மணி எடையை நிறுக்கவும் பெரிய ஆய்வகம் வேண்டாம். சிறுபயிருக்குக் குறிப்பான் எதற்கு என்பாருக்குக் கொண்டைக்கடலையே விடை: வேர்ப்பண்புகளோடு தொடர்புடைய மரபிடத் துண்டைக் குறிப்பான் துணையால் புகுத்திய பூசா 10216, வறட்சி தாங்கும் இரகமாக 2019இல் வெளியானது.

இரு பருவங்களிலாவது சோதித்து, மணி ஒன்றுக்கும் ஏக்கருக்கும் உரிய புரத எடையைக் கணக்கிட்ட பின்னரே ஒரு குறிப்பானுக்குப் புரதத்தின் பெயரைச் சூட்ட வேண்டும். அதுவரை, விளைச்சலும் புரதமும் பகை என்ற தீர்ப்பைத் தருமபுரி உழவர்மீது சுமத்த நமக்கு உரிமையில்லை.