சுரங்கத்துக்கு இரண்டு வழி

வேலைத்தலத்தில் ஒருவன் கை இழந்தால் அது அவனுடைய விதி, அன்றேல் அவனுடைய கவனக்குறைவு என்று கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. ஆபத்து நேருமுன் அதனைத் தடுப்பது முதலாளியின் கடமை என்னும் எண்ணம் பிரித்தானியாவில் ஒரே நாளிற் பிறந்ததன்று. தொழில் தொழிலாக, பெரும்பாலும் உயிர்கள் போன பின்னரே, அது சட்டமாயிற்று.

முதலில் வந்தவை பஞ்சாலைகள். 1802ஆம் ஆண்டுச் சட்டம், ஆலைச் சுவர்களுக்கு ஆண்டில் இருமுறை சுண்ணாம்பு பூசவேண்டும், காற்றோட்டத்துக்குச் சாளரங்கள் வேண்டும் என விதித்தது. விதித்ததேயன்றி, அதனை நிறைவேற்றச் சம்பளம் பெறும் அதிகாரி எவரும் இலர். 1833இலேதான் பரிசோதகர் நியமிக்கப்பட்டனர், அவரும் நால்வரே! இயந்திரங்களுக்குக் காப்புவேலி இடும் கடமை 1844இல் வந்தது.

ஆலைச் சக்கரத்துக்கு வேலி இடலாம். மண்ணுக்கடியில் வேலை செய்வோருக்கு எதனை இடுவது? நோதம்பலன்ட் பகுதியிலுள்ள ஹாட்லி நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஒரேயொரு குழிவாய்தான் இருந்தது. அதன் வழியே மனிதர் இறங்கினர், கரி ஏறிற்று, நீர் இறைக்கப்பட்டது, மூச்சுக்காற்றும் அதன் வழியே சென்றது. இரண்டாவது குழி தோண்டுவது செலவு அல்லவா? குழிவாயின் மேலே, நம்மூர்க் கிணற்றுத் துலாவைப் போல ஏறியிறங்கி நீர் இறைத்தது ஒரு வார்ப்பிரும்பு உத்தரம். அதன் நிறை நாற்பது தொன்னுக்கு மேல். 1862 ஜனவரி 16ஆம் திகதி, வேலைமுறை மாறும் வேளையில் அது முறிந்தது. ஒரு பாதி குழியினுள் வீழ்ந்து, பக்கச் சுவர்களையும் பலகைகளையும் இடித்துக்கொண்டு போய் வழியை அடைத்தது. மேலே மனைவியரும் தாய்மாரும் காத்து நின்றனர். ஆறு நாட்களின் பின் வழி திறந்தபோது உள்ளே உயிருடன் எவரும் இலர். நச்சுவாயு அவர்களைக் கொன்றிருந்தது. மாண்டோர் ஆடவரும் சிறுவருமாக 204 பேர்.

அவ்வாண்டு ஆகஸ்டிலேயே பாராளுமன்றம், நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வெவ்வேறான இரு வழிகள் வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. முதல் நாளே சொல்லக்கூடிய எளிய விதி இது.

நெருப்புக்குச்சித் தொழிலாளரின் தாடையெலும்பை அரித்த வெண்பொசுபரசின் கதையும் இதற்கு இளைத்ததன்று. 1888இல் இலண்டன் நகரப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தும், அதன் உபயோகம் அந்நாட்டில் முற்றாகத் தடைப்பட 1910 ஆயிற்று. எல்லாத் தொழில்களையும் தழுவும் பொதுக் கடமையைப் பிரித்தானியச் சட்டம் ஏற்றது 1974இலேதான்.

துறை துறையாகச் சட்டம் இயற்றும் அப்பழைய மரபே இலங்கைக்கும் வந்தது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம், பெயருக்கேற்பத் தொழிற்சாலைகளுக்கே உரியது. தேயிலையை அரைக்கும் இயந்திரத்துக்குக் காப்புவேலி கிடைத்தது. அதே தேயிலையின் கொழுந்தை மலைச்சரிவிற் கிள்ளிய பெண்ணோ அச்சட்டத்தின் எல்லைக்குப் புறத்தே நின்றாள்.