'பார்க்' போட்டும் உருளும் பிக்கப்... பின் ஆக்சில் போல்ட் உடைந்ததைக் கண்டுபிடிப்பது எப்படி?

வண்டியை நிறுத்தி, ஆட்டோமேட்டிக் கியரை 'பார்க்'கில் போட்டு, கதவைச் சாத்திவிட்டு இறங்கியாச்சு. திரும்பிப் பார்த்தால் வண்டி மெதுவாக உருண்டுகொண்டிருக்கிறது. கியர்பாக்ஸில் எந்தப் பழுதும் இல்லை, பிரேக்கிலும் இல்லை. பின் சக்கரத்துக்குள் இருக்கும் ஒரு போல்ட் உடைந்ததுதான் இதற்குத் தொடக்கம்.

இது கற்பனை இல்லை. இதே ஆபத்தைச் சொல்லித்தான் 2023 இறுதியில் அமெரிக்காவில் 1 லட்சத்து 12 ஆயிரத்துக்கும் அதிகமான எஃப்-150 பிக்கப்களை ஃபோர்டு நிறுவனம் ரீகால் செய்தது. 2021 முதல் 2023 வரையிலான மாடல்களில், கனமான டிரெய்லர் இழுப்பதற்கான பேக்கேஜும் 9.75 அங்குல ஹெவி டியூட்டி பின் ஆக்சிலும் கொண்ட வண்டிகள் இவை.

அந்த போல்ட்டுக்கு என்ன வேலை?

இன்ஜின் சக்தி கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் வழியாக ஆக்சில் ஷாஃப்டுக்கு வருகிறது. ஆக்சில் ஷாஃப்டின் முனையில் பல் பல்லாக வரிகள் இருக்கும். இதற்கு ஸ்ப்லைன் என்று பெயர். சக்கரம் மாட்டும் ஹப்பின் உள்பக்கமும் அதே மாதிரி பற்கள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி நிற்கும். அவற்றை அசையாமல் இறுக்கிப் பிடிப்பதுதான் ஹப் போல்ட்.

வண்டியை இழுப்பது ஸ்ப்லைன், ஸ்ப்லைனைக் காப்பாற்றுவது போல்ட். அதனால்தான் போல்ட் உடைந்த உடனே வண்டி நின்றுவிடாது. வழக்கம்போல ஓடும். டிரைவருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் பிடிப்பு போனதும் ஹப்பும் ஷாஃப்டும் ஒவ்வொரு சுற்றிலும் உரசும், பற்கள் தேயும். முழுசா தேய்ந்துவிட்டால் ஷாஃப்ட் சுற்றும், சக்கரம் சுற்றாது.

'பார்க்' ஏன் கைகொடுக்காது?

'பார்க்' என்பது சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் இல்லை. கியர்பாக்ஸுக்குள் ஒரு கொக்கி விழுந்து வெளிவரும் ஷாஃப்டைப் பூட்டுகிறது. அந்தப் பூட்டு ஆக்சில், ஸ்ப்லைன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் ஸ்ப்லைன் அறுந்தால் பூட்டுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு பக்கம்தானே போயிருக்கு, இன்னொரு பக்கம் பிடிக்காதா என்று கேட்கலாம். சாதாரண டிஃபரன்ஷியலில் பிடிக்காது. ஒரு பக்க ஷாஃப்ட் சும்மா சுற்ற வழி கிடைத்தால், மறுபக்க சக்கரமும் உருளும். ஆனால் பார்க்கிங் பிரேக் சக்கரத்தின் பக்கத்திலேயே, ஹப்போடு சுற்றும் டிஸ்க் அல்லது டிரம்மைப் பிடிக்கிறது. ஸ்ப்லைன் போனாலும் அது வேலை செய்யும்.

என்னென்ன அறிகுறிகள்?

* பின் சக்கரப் பக்கம் 'டிக் டிக்' அல்லது கடகட சத்தம். வண்டி வேகம் கூடினால் சத்தத்தின் வேகமும் கூடும். வளைவில் இன்னும் தெளிவாகக் கேட்கலாம்.
* ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போது சக்கரப் பக்கம் 'டக்' என்று இடிப்பது.
* ஹப்பின் நடுமூடியைக் கழற்றினால் செம்பழுப்பு நிறத்தில் மாவு மாதிரி துகள். இது இரும்பும் இரும்பும் உரசிய தடயம்.

எல்லாச் சத்தமும் போல்ட் சத்தம் ஆகிவிடாது. வண்டியின் நடுவிலிருந்து, கியர் விழும்போது ஒரே ஒரு 'டக்' வந்தால் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்டைப் பாருங்கள். விடாமல் 'ம்ம்ம்' என்று இரைந்தால் வீல் பேரிங் மீது சந்தேகம் வரலாம்.

உறுதி செய்வது எப்படி?

இது ஒர்க்‌ஷாப்பில், சமதரையில் மட்டும் செய்ய வேண்டிய சோதனை. முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். இன்ஜினை அணைத்து, 'பார்க்'கில் போட்டு, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். லேசான ஆட்டம் இருக்கலாம். தடையில்லாமல் சுற்றிக்கொண்டே போனால், ஏதோ ஒரு பக்கத்தில் இணைப்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் பேரிங்கையும் சோதிக்க வேண்டும்.

உடைந்த போல்ட்டை தூக்கிப் போடாதீங்க!

ஏன் உடைந்தது என்பதை அந்தத் துண்டே சொல்லிவிடும். உடைந்த முகத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள்.

* கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி வரி வரியாக, ஒரு பகுதி வழவழப்பாக, மீதி சொரசொரப்பாக இருந்தால் உலோகச் சோர்வு. விரிசல் பல நாளாக வளர்ந்து கடைசியில் முறிந்திருக்கிறது. போல்ட் தளர்ந்திருந்தாலோ, அதன் மீது வளைவு விசை திரும்பத் திரும்ப விழுந்தாலோ இப்படி ஆகும்.
* கழுத்து இழுபட்டு மெலிந்து, முகம் முழுக்க மங்கலாக, சொரசொரப்பாக இருந்தால் அளவுக்கு மீறிய இழுவிசை. டார்க் ரென்ச் இல்லாமல் ஏர் கன் வைத்து அடித்து இறுக்கியதும் காரணமாக இருக்கலாம்.
* வழவழப்பான பகுதியில் துரு ஏறியிருந்தால், அந்த விரிசல் முன்பே விழுந்துவிட்டது.

போல்ட்டின் தலையையும் பாருங்கள். அதில் 8.8, 10.9 போன்ற எண்கள் இருக்கும். எண் பெரிதானால் வலிமை அதிகம். நிறுவனம் சொன்ன கிரேடுக்குப் பதில், கடையில் கிடைத்த ஏதோ ஒன்றை மாட்டியிருந்தால் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

புது போல்ட் மட்டும் போட்டால் போதுமா?

போதாது. போல்ட் உடைந்தபிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியதோ, அத்தனை கிலோமீட்டரும் ஸ்ப்லைன் தேய்ந்திருக்கும். தேய்ந்த பற்கள் மேல் புது போல்ட் போட்டால் அதுவும் சீக்கிரமே உடையும். ஷாஃப்ட், ஹப், பேரிங் மூன்றையும் சோதித்து, சேதமானதை மாற்ற வேண்டும். மறுபக்க போல்ட்டும் அதே சுமையைத்தான் தாங்கியிருக்கிறது. அதையும் பார்ப்பது அவசியம். கழற்றிய பழைய போல்ட்டை மறுபடியும் பயன்படுத்தலாமா, எவ்வளவு டார்க் வைக்க வேண்டும் என்பதை அந்த மாடலுக்கான சர்வீஸ் மேனுவலைப் பார்த்து முடிவு செய்வதே சரி.

நம்ம ஊர் டிரைவர்களுக்கு இதில் என்ன இருக்கு?

எஃப்-150 இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்கப்படுவதில்லை. நம்ம ஊர் லோடு வண்டிகளில் ஆக்சில் அமைப்பும் வேறாக இருக்கலாம். ஆனால் பாடம் ஒன்றுதான். மேனுவல் வண்டியை முதல் கியரில் விட்டு நிறுத்துவதும் 'பார்க்' போடுவது மாதிரிதான். அந்தப் பிடிப்பும் அதே ஆக்சில் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. அதனால் சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை முழுசா இழுத்து, சக்கரத்துக்குக் கட்டையும் வைக்க வேண்டும். பின்னாடி 'டிக் டிக்' கேட்டால், லோடை இறக்கிட்டு பார்த்துக்கலாம் என்று ஓட்டாமல், அப்போதே நிறுத்திப் பார்ப்பது நல்லது.