மொல்டாவியச் சிற்றரசில் 1857ஆம் ஆண்டின் இரு தேர்தல்கள்

ருமேனிய நாட்டின் தோற்றத்தை எழுதுவோர் 1859இல் அலெக்சாந்துரு இயோன் கூசா ஆட்சியாளராகத் தெரிவு செய்யப்பட்டதிலிருந்து தொடங்குவதே வழக்கமாக இருந்து வந்துள்ளது. நாம் அதற்கு ஈராண்டுகள் முன்னதாக, மொல்டாவியாவில் ஒரே கோடையில் இருமுறை நடந்த தேர்தலிலிருந்து தொடங்க விழைகின்றோம்.

கிரிமியப் போரை முடிவுக்குக் கொண்டுவந்த 1856ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை, உதுமானியப் பேரரசின் மேலாண்மைக்கு உட்பட்டிருந்த மொல்டாவியா, வலாக்கியா ஆகிய சிற்றரசுகளின் எதிர்காலம் குறித்து அந்நாட்டாரின் விருப்பத்தைக் கேட்டறிய வேண்டும் என்றது. அதற்கெனக் கூட்டப்பட்ட அவைக்குத் 'திவான்' என்று பெயர். நம் சமஸ்தானங்களில் அமைச்சரைக் குறித்த அதே பாரசீகச் சொல் அங்கு அவையைக் குறித்து நின்றது. திருச்சபையினர், பெருநிலக்கிழார், சிறுநிலவுடைமையாளர், நகரத்தார், உழவர் என ஐவகைப் பிரிவினர் தத்தம் உறுப்பினரைத் தெரிவு செய்தனர்.

இரு சிற்றரசுகளும் இணைய வேண்டுமா என்பதே வினா. பிரான்சும் ரஷ்யாவும் இணைப்பை ஆதரித்தன; உதுமானிய அரசும் ஆஸ்திரியாவும் எதிர்த்தன. மொல்டாவியாவின் இடைக்கால ஆட்சியாளரான நிக்கொலாயே வொகொரிதே இணைப்பைத் தடுத்தால் தாமே அரியணை ஏறலாம் என எண்ணியவர். அவர் வாக்குப்பெட்டியைத் தொடவில்லை. தொடவேண்டிய தேவையும் எழவில்லை. வாக்காளர் பட்டியலிலிருந்தே இணைப்பாளர்களின் பெயர்கள் பெருமளவில் நீக்கப்பட்டன. கலாட்சி நகரில் உயர்பதவி வகித்த கூசா, இம்முறைகேட்டைக் கண்டித்துப் பதவி துறந்தார். 1857 சூலை 19ஆம் நாள் நடந்த தேர்தலில், எதிர்பார்த்தவாறே, இணைப்பை எதிர்த்தோர் வென்றனர்.

வொகொரிதே தம் உறவினரோடு நடத்திய கடிதப் போக்குவரத்து வெளியானபோது சூழ்ச்சி அம்பலமாயிற்று. கடிதங்களை வெளிக்கொணர்ந்தவர் அவருடைய மனைவியே என்பது வழிவழிச் செய்தி. பிரான்சு, ரஷ்யா, பிரஷ்யா, சார்தீனியா ஆகியவை உதுமானிய அரசுடனான உறவை முறித்துக்கொண்டன. ஆகஸ்டில் மூன்றாம் நெப்போலியன் இங்கிலாந்தின் ஆஸ்பர்ன் மாளிகையில் விக்டோரியா அரசியாரைச் சந்தித்தார். தேர்தலை இரத்துச் செய்ய இங்கிலாந்து இசைந்தது. முழு இணைப்பு என்னும் கோரிக்கையைப் பிரான்சு தளர்த்திக்கொண்டது. மொல்டாவியர் நேர்மையான வாக்கைப் பெற்ற அதே பேரத்தில், அவ்வாக்கின் பயன் பாதியளவு முன்கூட்டியே விலைபேசப்பட்டுவிட்டது என்றே நாம் கருதுகின்றோம்.

செப்டம்பர் 10ஆம் நாள் திருத்திய பட்டியலின்படி மறுதேர்தல் நடைபெற்றது. அதே நாடு, அதே மக்கள், முடிவோ நேர்மாறாயிற்று. அக்டோபர் 19ஆம் நாள், மிகாயில் கொகல்னிச்சேயனு முன்மொழிந்த இணைப்புத் தீர்மானம் இரண்டுக்கு எதிராக 81 வாக்குகளால் நிறைவேறியது.

வல்லரசுகள் 1858இல் பாரிசில் கூடி, ஈர் ஆட்சியாளர், ஈர் அவை என்ற அரைகுறை இணைப்பையே வழங்கின. ஆயினும் இரு ஆட்சியாளரும் ஒருவராக இருத்தல் கூடாது என அவ்வொப்பந்தம் எங்கும் கூறவில்லை. 1859 சனவரி 17ஆம் நாள் மொல்டாவிய அவை கூசாவைத் தெரிவு செய்தது. பிப்ரவரி 5ஆம் நாள் வலாக்கிய அவையும் அவரையே தெரிவு செய்தது.

ஒன்றை இங்குச் சுட்டாதிருத்தல் இயலாது. 1857ஆம் ஆண்டு அவையில் அமர்ந்த உழவர் உறுப்பினர்கள், நிலக்கிழார்க்குச் செய்யும் கட்டாய உழைப்பை ஒழிக்குமாறு வேண்டினர். இணைப்புக்காக ஒன்றுபட்டு நின்ற நிலக்கிழார்கள் இதற்கு இணங்கவில்லை. அக்கோரிக்கை சட்டமாவதற்கு 1864 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.