மறைமுக முதலாளி

கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப் போதனையில் ‘மறைமுக முதலாளி’ என்பது, தன் கையால் கூலி கொடுக்காமலே அந்தக் கூலி எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவரைக் குறிக்கும். அது தனிமனிதராக இருக்க வேண்டியதில்லை. நிறுவனம், ஒப்பந்தம், அரசு, பன்னாட்டுச் சந்தை எதுவாகவும் இருக்கலாம். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981 செப்டம்பர் 14 அன்று வெளியிட்ட, உழைப்பு பற்றிய சுற்றுமடலில் இக்கருத்து விளக்கப்படுகிறது. ‘ரேரும் நோவாரும்’ மடலின் தொண்ணூறாம் ஆண்டான அவ்வாண்டு மே 15-க்கு வெளிவர வேண்டிய மடல் இது. இரண்டு நாள் முன்பு திருத்தந்தை சுடப்பட்டதால் தள்ளிப்போனது.

1891-இல் ‘ரேரும் நோவாரும்’ எழுதிய திருத்தந்தை 13-ஆம் சிங்கராயரின் மனத்தில் இருந்தவர் கண்ணெதிரே நிற்கும் முதலாளி. தொழிலாளி ஒப்புக்கொண்டான் என்பதாலேயே குறைந்த கூலி நியாயமாகிவிடாது, அது அவன் வாழப் போதுமானதாக இருக்க வேண்டும் என்றார் அவர். முதலாளி கண்ணில் படாத இடத்தில் இந்த நியாயத்தை யாரிடம் கேட்பது?

நெய்வேலியில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. 1956-இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனம் மத்திய அரசுடையது. அதன் சுரங்கங்களில் நிரந்தரத் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்கிறார்கள். பணி நிரந்தரமும் சம வேலைக்குச் சம ஊதியமும் அங்கே பழைய கோரிக்கைகள். ஒப்பந்தக்காரர் கூலி தரத் தவறினால் அவரை அமர்த்திய முதன்மை முதலாளியே தர வேண்டும் என்றது 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். 1981-ஆம் ஆண்டு மடலைவிட அது பதினோரு ஆண்டு மூத்தது. ஆனால் சட்டம் பார்த்தது கூலி வந்ததா என்று. அந்தக் கூலி போதுமா என்பதற்கும் மறைமுக முதலாளி பொறுப்பு என்கிறது மடல். அந்த வரிசையில் அது முதலில் வைப்பது அரசை.

அருகே முத்தாண்டிக்குப்பம், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காடு. அங்கே கொட்டை உடைத்துப் பருப்பெடுக்கும் பெண்ணின் கூலிக்கு மேல்வரம்பு கட்டுவது, ஆப்பிரிக்கக் கொட்டையும் வந்து கலக்கும் உலகச் சந்தை. மூலப்பொருளின் விலை எங்கோ தாழ்த்தப்படுவதையும் மடல் மறைமுக முதலாளியின் கணக்கில்தான் சேர்க்கிறது.

பள்ளி, மருத்துவமனை நடத்தும் திருச்சபையும் ஒரு முதலாளியே. நீதி பேசுபவர் முதலில் நீதியாய் நடக்க வேண்டும், திருச்சபை ஊழியருக்கும் போதிய ஊதியம் வேண்டும் என்று 1971-இல் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம் ஒப்புக்கொண்டது. உள்ளிருந்தே தொடங்க வேண்டிய அந்த நீதி கூலியோடு நிற்பதல்ல. நெய்வேலி அடங்கிய புதுவை–கடலூர் மறைமாநில ஆயர்களும் உடனிருக்க, 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் பேசிய இரண்டாம் அருள் சின்னப்பர், கிறிஸ்தவர்களுக்குள் நிலவும் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார்.